மாமாங்க மழை

பினாங்கு மழையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது வானத்திலிருந்து விழுகிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். மழையைப் பற்றி விளக்கம் சொல்ல வந்தவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. அப்படி வந்தவர்களில் தலையாய ஆள் எங்கள் ஆபீஸ் பெரிய கிராணி.

கிராணி என்றால் குமாஸ்தா. பெரிய கிராணி என்றால் மற்ற குமாஸ்தாக்கள் அவரைப் பார்த்ததும் எழுந்து நிற்க வேண்டும் என்று பொருள். நாங்கள் வேலை பார்த்தது ஒரு சின்ன வெள்ளைக்காரக் கம்பெனியில். சாலை, பாலம், சாக்கடை இவற்றுக்குத் திட்டம் போட்டுக் கட்டித் தருவது அதன் தொழில். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலையில் இருந்தவன் எல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தான். துரை பென்சிலால் கிறுக்கியதன் மேல், அடியில் இருப்பது தெரிகிற மெழுகுத் துணியை வைத்து மையால் படியெடுத்து வரைவது என் வேலை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மனசை மூடிக்கொள்ளச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

துரை இளவயசு. அவர் ஊரில் மழை என்பது சல்லடையில் மாவு விழுகிற மாதிரி விழுமாம், காலை முதல் மாலை வரை. அந்தப் பழக்கத்தில், வந்த புதிதில் அவர் ஒரு காரியம் செய்தார். மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலையில் பியூன் போய் அதில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து எழுதி வருவான். துரை அந்த ஒருநாள் மழையை எடுத்து இருபத்து நான்கு மணி நேரத்தால் வகுத்தார். வகுத்து முடித்ததும் எங்கள் ஊர் மழை அவர் ஊர் மழை மாதிரியே ஆகிவிட்டது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்து போகலாம். காகிதத்தில் அவ்வளவு சாது. அந்தக் கணக்கை வைத்து அவர் போட்ட முதல் சாக்கடைத் திட்டத்தை நான்தான் மையில் வரைந்தேன். பூனைக்குட்டி படுத்தால் அடைத்துக்கொள்ளும் அகலம்.

அந்தத் திட்டம் கட்டப்படவில்லை என்பது நகரத்தின் அதிர்ஷ்டம். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போன துரை, முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு திரும்பி வந்தார். மழை அரைமணி நேரம் கொட்டித் தீர்த்திருந்தது; இப்போது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலோரம் நின்று வெகுநேரம் வெளியே பார்த்தார். அதற்குப் பிறகு சீமையிலிருந்து ஒரு புது மழைமானியை வரவழைத்தார். அதில் ஓர் உருளையைச் சுற்றிக் காகிதம் இருக்கும். உள்ளே இருக்கும் கடிகாரம் உருளையைத் திருப்பும். மழை சேரச் சேர ஒரு பேனா மேலே ஏறிக் கோடு போடும். தூறலுக்குக் கோடு சாய்வாகப் போகும். எங்கள் ஊர்ப் பிற்பகல் மழைக்கு அது செங்குத்தாக ஏறும். சுவரில் ஓணான் ஏறுவதைப் போல ஏறும். துரை அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வெள்ளைக்காரர்களில் தப்பை ஒப்புக்கொண்டு பெருமூச்சு விட்ட ஓர் ஆளைப் பார்த்தேன் என்பதற்காக இதை எழுதிவைக்கிறேன்.

ஆனால் பெருமூச்சு விட்ட கையோடு ஜோசியமும் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வருஷமும் எந்த ஒரு மணி நேரத்தில் அதிக மழை பெய்ததோ அதை மட்டும் எடுத்து, பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கினார். இவ்வளவு மழை எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை வரும், அதைவிடப் பெரிசு எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை வரும் என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தார். புதுக் கருவி வந்து கொஞ்ச வருஷந்தான் ஆகியிருந்தது. கைவிரலில் அடங்கும் புள்ளிகள். அவற்றின் ஊடே அளவுகோலை வைத்துக் கோடு இழுத்து, அந்தக் கோட்டைத் தாளின் விளிம்பு வரை நீட்டினார். விளிம்பில் நூறு வருஷம் என்று எழுதியிருந்தது. பிறக்காத பேரப்பிள்ளைகளின் மழையையும் அந்த அளவுகோல் சொல்லிவிட்டது. நான் மையில் வரைந்தேன். சம்பளம் வாங்குகிறவன் வரையத்தான் வேண்டும்.

இந்தக் கணக்கு முதலில் பிரயோகமான இடம் கப்பல்துறைக்குப் பின்னால் இருந்த ஒரு தாழ்ந்த தெரு. இரண்டு பக்கமும் வரிசை வீடுகள்; வீட்டு முன்னால் அஞ்சடி என்று நாங்கள் சொல்கிற மூடு நடைபாதை; ஓரத்தில் சாக்கடை, ஊர்ப்பேச்சில் லோங்காங். சாக்கடை கடலில் போய் விழும். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது அது விழாது, திரும்பி வரும். அந்த நேரம் பார்த்து மழையும் வெளுத்து வாங்கினால் தெரு குளமாகும். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். எல்லாரும் சேர்ந்து செலவு செய்து புதுச் சாக்கடை போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அதைப் பேசி முடிக்க ஒருநாள் காலையில் ஆபீசுக்கு வந்தார்கள். விபூதியும் சந்தனமுமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். படத்தைச் சுவரோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். துரையின் இங்கிலீஷைத் தமிழாக்கப் பெரிய கிராணி நின்றார்.

பெரிய கிராணியின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவர்தான் எழுதுவார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்துக்குப் போகிற கூட்டத்துக்கு அவர் எழுதுகிற நோட்டீசில் முதல் பத்தி முடிவதற்குள் தைப்பூசம் முடிந்துவிடும். ஒரு சொல் போதும் என்கிற இடத்தில் அவருக்கு நாலு சொல் வரும். வேண்டிய சொல் மட்டும் வராது.

துரை சொன்னது இதுதான்: இந்த அகலத்தில் சாக்கடை போட்டால், சராசரியாகப் பத்து வருஷத்துக்கு ஒருதடவை அது நிரம்பி வழியக்கூடும். இன்னும் அகலமாகப் போட்டால் இன்னும் அபூர்வமாக வழியும், செலவும் கூடும். எது வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

பெரிய கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "தொரை என்ன சொல்றாருன்னா, பெருமழைன்னு ஒண்ணு இருக்கு. அது மாமாங்கத்துக்கு ஒரு தரம் வரும். நம்ம கோயில்ல கும்பாபிஷேகம் நடக்கிற மாதிரி. அந்த ஒரு தரம் மட்டும் லோங்காங் நெறைஞ்சு தண்ணி மேல வரும். நடுவுல உள்ள வருஷத்துக்கெல்லாம் கவலையே இல்ல."

சராசரியாக என்ற சொல்லை அவர் விழுங்கிவிட்டார். துரையின் கணக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் நின்றது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பஞ்சாங்கம். அதுவும் பத்தைப் பன்னிரண்டாக்கிய பஞ்சாங்கம்.

வீட்டுக்காரர்களுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அதுதான் கொடுமை. சரியானதைச் சொல்லியிருந்தால் ஒருத்தருக்கும் விளங்கியிருக்காது. பத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள். மாமாங்கம் என்றதும் தலையாட்டினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்து பழகியவர்கள். அதைச் செய்து முடித்துவிட்டால் அடுத்த பன்னிரண்டு வருஷம் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை என்று அறிந்தவர்கள்.

ஒருவர் கேட்டார்: "போன மாமாங்க மழை எப்ப வந்துச்சு, கேட்டுச் சொல்லுங்க."

பெரிய கிராணி கேட்டார். துரை தாளைப் பார்த்து ஒரு வருஷத்தைச் சொன்னார். உடனே மூன்று பேர் விரல் மடக்கி எண்ணி அடுத்த மழையின் வருஷத்தைக் கண்டுபிடித்தார்கள். அது எந்தத் தமிழ் வருஷத்தில் விழுகிறது என்று கூட ஒருவர் சொன்னார்.

நான் படத்துக்குப் பின்னாலிருந்து, "தொரை அப்படிச் சொல்லலீங்க" என்றேன்.

"தம்பி, படத்தை நேராப் பிடி" என்றார் பெரிய கிராணி.

அகலமான சாக்கடை வேண்டாம், இதுவே போதும் என்று முடிவாயிற்று. சாக்கடை கட்டினார்கள். மறு வருஷமே அந்த மழை வந்தது. கடல் ஏற்றமும் கூட வந்தது. தெருவில் தண்ணீர் நின்றது, தரைத்தள வீடுகளில் புகுந்தது, சாயங்காலத்துக்குள் வடிந்தது. துரையின் கணக்குப்படி அதில் அதிசயம் எதுவும் இல்லை. பெரிய கிராணியின் கணக்குப்படி மழை சீக்கிரம் வந்துவிட்டது. அதற்கு அவர் அசரவில்லை. இடையில் வந்த அதிக மாசங்களைக் கழிக்க வேண்டும் என்றார். யாரும் கழித்துப் பார்க்கவில்லை. வந்த வேலை முடிந்தது என்ற சந்தோஷத்தில் ஆளுக்கொரு தேங்காய் உடைத்தார்கள். உரித்த மட்டைகளைச் சாக்கடையில் போட்டார்கள்.

அதன் பிறகு அந்தச் சாக்கடையைப் பார்க்க வேண்டுமே. இனிப் பன்னிரண்டு வருஷத்துக்கு அதற்கு வேலை இல்லை என்று தெரு முழுக்க நம்பிக்கை. மேலே பலகை போட்டு ஒருத்தன் வெற்றிலைக் கடை வைத்தான். இன்னொரு வீட்டில் கோழிக்கூண்டை இறக்கி வைத்தார்கள். குப்பை அள்ளுவதற்கு என்று வீட்டுக்காரர்கள் வைத்திருந்த ஆளை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் காலி வீட்டின் கதவில் அட்டை தொங்கவிட்டார்: "மாமாங்க மழை கழிந்த வீடு வாடகைக்கு." நான் அதை வாசித்துவிட்டு நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அந்த வீட்டுக்கு என் அக்காவே குடிவருவாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்காவின் புருஷன் கப்பல்துறையில் மூட்டை இறக்குகிற கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். அத்தான் நடந்து வந்தால் தெரு அகலம் போதாது. ஒருநாள் கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சரக்கு வடத்திலிருந்து நழுவி அவர் இடுப்பில் விழுந்தது. உயிர் மிஞ்சியது. கால்கள் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு ஒரு கடைவீட்டு மாடியின் பின்னறையில் கிடந்தார். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஓடும் அதன்மேல் புறாக்களும் தெரியும். அவ்வளவுதான் அவருடைய உலகம். அக்கா சமைத்து, ஆபீஸ்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக் குடும்பத்தைத் தள்ளினாள். எங்கள் ஆபீசுக்கும் அவள்தான் சாப்பாடு. பெரிய கிராணி ரசத்தை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார்.

அத்தான் முதலில் கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்தினார். பிறகு பேசுவதையும் நிறுத்தினார். மாடிப்படி குறுகலானது, இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினாலும் திரும்புகிற இடத்தில் முட்டும். கீழே கொண்டுவந்து உட்காரவைக்க வழியில்லை. மூன்று வருஷம் புறாவைப் பார்த்தார்.

ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு அக்கா சொன்னாள்: "தம்பி, தாழ்ந்த தெருவுல தரை வீடு ஒண்ணு காலியா இருக்கு. ஜன்னல் அஞ்சடியப் பார்த்து இருக்கு. அவரைக் கீழ வெச்சுக்கலாம்னு பார்க்கிறேன்."

"அந்தத் தெரு வேண்டாங்க்கா. மழைத் தண்ணி உள்ள வரும்."

"அது போன வருஷமே வந்துட்டுப் போயிடுச்சாமே. இனிமே மாமாங்கத்துக்கு வராதாம்."

"யார் சொன்னா?"

அவள் பெரிய கிராணியின் மேசைப் பக்கம் பார்த்தாள். அவர் ரசம் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் என்னால் முடிந்தவரை சொன்னேன். அக்காவும் நானும் சின்ன வயசில் தாயம் ஆடுவோம். அதை வைத்துச் சொன்னேன். "இப்பத் தாயம் விழுந்துச்சுன்னு வையி. அடுத்த தடவை உருட்டுறப்ப, போன தடவைதானே விழுந்தோம், இப்ப வேண்டாம்னு கட்டைக்கு ஞாபகம் இருக்குமா? மழையும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் புதுசா உருட்டுது."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சாமி குடுக்கிற மழை, அதைப் போய்ச் சூதாட்டத்தோட சேர்க்கிறியே தம்பி." உள்ளேயிருந்து பெரிய கிராணி, "அவன் சின்னப் பையன்மா, படம் வரையத் தெரியும், அவ்வளவுதான்லா. நான் தொரைகிட்ட நேர்லயே கேட்டவன்" என்று குரல் கொடுத்தார். அந்த வருஷம் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பையனாம்.

நான் தோற்றேன். கணக்கில் தோற்றிருந்தால் எனக்கு வருத்தமில்லை. ரசம் குடிக்கிற ஆளின் கணீர்க் குரலிடம் தோற்றது இன்றைக்கும் ஆறவில்லை.

அத்தானை நாற்காலியில் கட்டி நான்கு பேர் கீழே இறக்கினோம். தரை வீட்டில், கம்பி போட்ட ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டாள் அக்கா. ஜன்னலுக்கு வெளியே அஞ்சடி, அதற்கப்பால் தெரு. முதல் நாள் சாயங்காலமே கப்பல்துறை ஆட்கள் வேலை விட்டு அந்த வழியாக வந்தார்கள். ஒருத்தன் நின்றான். "அண்ணே" என்றான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கொஞ்ச நாளில் கூலித் தகராறு, வாய்ச்சண்டை எல்லாம் அந்த ஜன்னலுக்குத்தான் வந்தது. அத்தானுக்குக் குரல் திரும்பியது. தெருக்கோடியில் போகிற ரிக்‌ஷாக்காரனைக் கூப்பிட்டு ஊர் நியாயம் கேட்பார். அக்கா அடுப்படியில் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அந்த வீட்டில் உட்காரவே பிடிக்காது. போனால் நின்றுகொண்டே பேசிவிட்டு வந்துவிடுவேன். சுவரில் போன வருஷத்துத் தண்ணீர்க் கறையின் மேல் வீட்டுக்காரர் வெள்ளையடித்திருந்தார். வெள்ளைக்குக் கீழே அது மங்கலாகத் தெரியும். என் கண் எப்போதும் அங்கேதான் போகும். அத்தான் அதைக் கவனித்துவிட்டு, "என்ன மாப்ளே, சுவத்தையா பொண்ணு பார்க்கிறே?" என்று கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வராது.

அதே வருஷம், அதாவது தேங்காய் உடைத்த மழைக்கு அடுத்த வருஷம், ஒருநாள் மத்தியானம் மலைப் பக்கம் கறுத்தது. அக்கா அப்போதுதான் எங்கள் ஆபீசில் பாத்திரத்தை இறக்கியிருந்தாள். மழை பிடித்தது. வெளியில் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. பேச்சு காதில் விழவில்லை. சுவரில் மாட்டியிருந்த கப்பல் கால அட்டவணையில் கடல் ஏற்றம் எப்போது என்று பார்த்தேன். அப்போதுதான். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினோம்.

தெருமுனையிலேயே தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. சாக்கடை எங்கே, தெரு எங்கே என்று தெரியவில்லை. வெற்றிலைக் கடைப் பலகை மிதந்து வந்து என் வயிற்றில் இடித்தது. தேங்காய் மட்டைகளும் செத்த கோழிகளும் சுற்றிச் சுற்றி வந்தன. போன வருஷத்தைவிட மழை பெரிசில்லை, பிறகு கருவியின் காகிதத்தில் பார்த்தேன். ஆனால் சாக்கடை தொண்டைவரை அடைத்திருந்தது. பன்னிரண்டு வருஷ நிம்மதியை ஒரு வருஷத்தில் அதற்குள் திணித்திருந்தார்கள்.

வீட்டுக் கதவைத் தண்ணீர் உள்ளிருந்து அமுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டில் முழுகியிருந்தது. அத்தான் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தன் உடம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். வருஷக்கணக்காக மூட்டை தூக்கிய கை. விரல்கள் வெளுத்திருந்தன. எதிர்வீட்டுச் சீனத் தச்சர் வெளியிலிருந்து கம்பிக்குள் கையை விட்டு அத்தானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை, கடைத்தெருவில் எல்லாரும் பேசுகிற பாசார் மலாய்தான். தச்சர் "பெகாங், பெகாங்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிடித்துக்கொள், பிடித்துக்கொள் என்று அர்த்தம். நாங்கள் கதவை உடைத்து உள்ளே போய் அத்தானைத் தோளில் ஏற்றினோம். கம்பியிலிருந்து அவர் விரலைப் பிரிக்க வேண்டியிருந்தது. அக்கா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தக் கால்களுக்கு அது தெரியாது.

மறுநாள் ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன். துரை நடந்ததைக் கேட்டு முதலில் வருத்தப்பட்டார். வருத்தம் ஒரு நிமிஷம். பிறகு, வீட்டுச் சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அளந்து வர முடியுமா என்று கேட்டார். அவர் தாளில் வைக்க ஒரு புது விவரம் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. அவரையாவது மன்னிக்கலாம். அவர் படித்த படிப்பு அப்படி. பெரிய கிராணி என் மேசைக்கு வந்து தோளில் கை வைத்து, "கவலப்படாதே தம்பி. ரெண்டு மாமாங்க மழையும் அடுத்தடுத்து வந்துடுச்சு. இனி இருபத்து நாலு வருஷத்துக்குப் பயமில்ல" என்றார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். "அத்தானோட கை நழுவியிருந்தா அதையும் கூட்டிச் சேர்த்திருப்பீங்களா? போய் நோட்டீஸ் எழுதுங்க. உங்க வாயால செத்த கோழிங்களுக்குக் காரியம் நடக்குது, எல்லாரும் வந்து கலந்துக்கணும்னு எழுதுங்க" என்றேன். என் வேலை போகும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். போகவில்லை. மையில் வரைய வேறு ஆள் இல்லை. அதற்குப் பின் அவர் என்னைச் சின்னப் பையன் என்று சொன்னதில்லை. என் அக்காவின் ரசத்தையும் அவர் அதற்குப் பின் குடித்ததில்லை, நான் விடவில்லை.

தண்ணீர் வடிந்து வீடு ஓரளவு காய்ந்ததும், தச்சர் வீட்டு மேடையில் கிடந்த அத்தானை எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய மாடியறை இன்னும் காலியாகத்தான் இருந்தது. நகரத்துக்கு வெளியே கெலுகோரிலிருந்து எனக்குத் தெரிந்த இரண்டு ஆட்களையும் நாற்காலியையும் கயிற்றையும் கொண்டுவந்து நிறுத்தினேன். அக்கா மூட்டை கட்டி வைத்திருந்தாள். சரியாக நடந்துகொள்ளும் ஒரே ஆள் நான்தான் என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

"எங்க கிளம்புறீங்க?" என்றார் அத்தான்.

"மாடிக்கு."

"நான் வரல மாப்ளே."

அவருக்கு இன்னும் பெரிய கிராணியின் பேச்சு மண்டையில் இருக்கிறது என்று நினைத்தேன். மறுபடியும் தாயக்கட்டையில் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளங்கையில் கம்பி அழுத்திய தடம் இன்னும் கறுப்பாக இருந்தது.

"எனக்கு அது அன்னைக்கே புரிஞ்சுது. நீ உங்கக்காகிட்ட சொன்னதை அவ என்கிட்ட வந்து சொன்னா. நீ சொல்றதுதான் சரி, அந்தாளு சொல்றது தப்புன்னு தெரிஞ்சுதான் நான் இங்க வந்தேன். அவகிட்ட சொல்லல. சொன்னா வந்திருக்க மாட்டா."

"தெரிஞ்சேவா?"

"மழை அடுத்த வாரம்கூட வரும். அப்படித்தானே?"

"ஆமா."

"பத்து வருஷம் வராமயும் இருக்கும்."

"இருக்கலாம். ஆனா வந்தா செத்துப்போவீங்க அத்தான்."

"மேல மூணு வருஷம் நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்னு நெனைக்கிறே?"

அக்கா மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்: "உங்க தொரைகூட எந்த மழைக்கும் வழியாத லோங்காங்னு ஒண்ணு போடலயே. கட்டுப்படியாகிற அளவுக்குத்தானே போடச் சொன்னாரு. எனக்கும் கட்டுப்படியாகிறது ஒண்ணு இருக்கு மாப்ளே. எனக்கு அந்த ஜன்னல் வேணும்."

அத்தனை பேரையும் கேலி செய்து பழகிய எனக்கு, அவரைக் கேலி செய்ய வரவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஆட்களைத் திருப்பி அனுப்பினேன்.

கட்டிலை உயர்த்திக் கட்டுவது என்று முடிவாயிற்று. செங்கல் வாங்கிப் போட்டோம். எவ்வளவு உயரம் என்று நான்தான் சொல்ல வேண்டும். துரையின் தாளில் இருந்த கோடு எனக்கு மனப்பாடம். இரண்டு மழைக் கறையும் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அதற்கு மேலே ஒரு முழம் போனால் நல்லது. இன்னும் ஒரு முழம் போனால் இன்னும் நல்லது. ஆனால் அவ்வளவு உயரத்தில் படுத்தால் அத்தானுக்கு ஜன்னலின் மேல்விளிம்பும் எதிர்வீட்டு ஓடும்தான் தெரியும். கம்பி கைக்கு எட்டாது. அக்காவால் தனியாக அவரைத் தூக்கித் திருப்பவும் முடியாது. பென்சிலைச் சுவரில் மேலே வைத்தேன், கீழே இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். கடைசியில் ஓர் இடத்தில் கோடு போட்டேன்.

அத்தான் கோட்டைப் பார்த்தார். "இதுக்கு மேல தண்ணி வருமா?"

"வரும்."

"எப்ப?"

"தெரியாது அத்தான்."

அவர் தலையை ஆட்டினார். "சரி. தலைமாட்டை அந்தப் பக்கம் வை. கப்பல்துறையிலேருந்து வர்றவன் மொகம் எனக்குத் தெரியணும்."

அக்கா எழுந்து வந்தாள். அழுதுகொண்டே முதல் செங்கல்லை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் வாங்கி வைத்தேன்.